வீட்டுக்கு வரும் ட்ரெட்மில்லும் அதற்கு வேண்டிய இடமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள மின்சாதனக் கடைகளில், குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் சலவை இயந்திரங்களுக்கும் பக்கத்தில் ட்ரெட்மில் எனப்படும் நடைப்பயிற்சி இயந்திரங்களும் இப்போது விற்பனைக்கு நிற்கின்றன. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் சீனி வருத்தமுள்ள பெற்றோருக்கு வாங்கிக் கொடுப்பதும், உள்ளூரில் உத்தியோகம் பார்ப்பவர்கள் தவணை முறையில் எடுப்பதும் வழமையாகி வருகின்றன. வீடுகளுக்கு மின்னிணைப்புச் செய்வதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற வகையில் இவ்வியந்திரங்கள் நிற்கும் அறைகளுக்குள் போய்வரும் வாய்ப்பு எனக்கு உண்டு. அங்கே பார்ப்பவற்றுள் சில கவலை தருகின்றன. அவற்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வாங்குபவர்களுக்கும், குறிப்பாக விற்பவர்களுக்கும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

வயலும் குளக்கட்டும் நிறைந்த வன்னியில் வீட்டுக்குள் நடக்க இயந்திரம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குளக்கட்டில் நடக்கக்கூடியவர்கள் அங்கேயே நடப்பது நல்லது என்பதே என் கருத்தும். ஆனால் ஏ9 வீதியோரம் குடியிருப்பவர் விடியற்காலை இருட்டில் பேருந்துகளுக்கும் லொறிகளுக்கும் இடையே நடக்க முடியாது. காட்டோரக் கிராமங்களில் அந்த நேரம் யானை நிற்கும். ஊருக்குள் கட்டாக்காலி நாய்கள் நிற்கும். வெயில் ஏறிய பின்னர் முதியவர்களை வெளியே அனுப்புவதும் உசிதமன்று. ஆகவே இவ்வியந்திரத்தை வெறும் ஆடம்பரம் என்று நான் ஒதுக்கவில்லை. அதை வைக்கும் முறையும் பாவிக்கும் முறையும் சரியாக இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

முதலில் இடம். வாங்கும்போது எவரும் அளந்து பார்க்காதது இதுதான். வீட்டுப் பாவனைக்கான நடுத்தர இயந்திரம் ஏறக்குறைய 1.7 மீற்றர் நீளமும் முக்கால் மீற்றர் அகலமும் கொண்டது. கடைக்காரரிடம் கேட்டால் இந்த அளவைத்தான் சொல்வார். ஆனால் இயந்திரத்தின் பின்புறம் 2 மீற்றரும் இரு பக்கங்களிலும் அரை மீற்றர் வீதமும் எந்தப் பொருளும் இல்லாமல் விடப்பட வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட பாதுகாப்பு நியமம். அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் 3.7 மீற்றர் நீளமும் 1.75 மீற்றர் அகலமும், அதாவது ஏறக்குறைய 70 சதுர அடி நிலம் வேண்டும். போருக்குப் பின்னர் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் இங்கே கட்டப்பட்ட வீடுகள் 550 சதுர அடி அளவானவை. அப்படியொரு வீட்டில் எட்டில் ஒரு பங்கை இந்த ஒரு சாமானே கேட்கிறது. அவ்வளவு இடத்தைக் கொடுக்க முடியாதவர்கள் இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். அதிலும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நடக்க வசதியாக இருக்கட்டும் என்று முன்பக்கத்தை அறையின் நடுப்பக்கமும் பின்பக்கத்தைச் சுவர்ப்பக்கமும் திருப்பி வைப்பதையே கூடுதலாகக் காண்கிறேன். ஒரு வீட்டில் பின்னால் சுவர்கூட இல்லை; நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன.

பின்புறத்து இடத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓடுகின்ற பட்டியில் கால் தடுக்கி விழுபவர் அதன் மேலேயே கிடப்பதில்லை. பட்டி அவரை இழுத்துக்கொண்டு போய்ப் பின்னால் தள்ளிவிடும். பின்னால் வெறும் நிலம் இருந்தால் முழங்காலில் உரஞ்சலோடு எழுந்துவிடலாம். சுவரோ அலுமாரியோ இருந்தால் விழுந்தவர் அதற்கும் இயந்திரத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வார்; பட்டியோ நிற்காமல் ஓடி அவருடைய தோலை உரித்துக்கொண்டிருக்கும். ஆகவே முன்பக்கம் சுவரை நோக்கியும் பின்பக்கம் அறையின் வெளியையோ வாசலையோ நோக்கியும் இருக்கும்படி வையுங்கள். தொலைக்காட்சியை வேண்டுமானால் இடம் மாற்றலாம். இடம் போதாதவர்கள் மடித்து நிறுத்தக்கூடிய வகையை வாங்கி, நடக்கும் நேரத்தில் மட்டும் விரித்துக்கொள்ளலாம். மடித்து நிறுத்தியபின் பூட்டுக் கொளுவி சரியாக விழுந்துவிட்டதா என்று கையால் ஆட்டிப் பார்ப்பது அவசியம். அந்தப் பாரம் ஒரு பிள்ளையின் காலில் விழுந்தால் எலும்பு தாங்காது.

இடமில்லை என்று விறாந்தையில் வைப்பவர்களும் உண்டு. கோடையில் செம்மண் புழுதியும் மாரியில் சாரலும் இயந்திரத்துக்குள் போய்விடும் என்பதால் அதை நான் ஒருபோதும் சிபார்சு செய்வதில்லை. சீமெந்து நிலம் மேடு பள்ளமாக இருந்தால் இயந்திரத்தின் கால்களைத் திருகி மட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தோடு ஓடும் இயந்திரத்தில் பட்டி ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. பட்டியின் மேல் ஏறி நிற்பவர் நிலத்திலிருந்து ஒரு சாணளவு உயர்ந்துவிடுகிறார். தலைக்கு மேலே மின்விசிறி இருந்தால், கையை உயர்த்திச் சோம்பல் முறிக்கும்போது அது எட்டுமா என்று இயந்திரம் ஓடாத நேரத்தில் ஏறி நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மின்சாரம். இது என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு குதிரைவலு என்பது 746 வாட். இரண்டு குதிரைவலு மோட்டர் முழுச் சுமையில் ஓடினால் ஏறக்குறைய 1,500 வாட் வேண்டும். 230 வோல்ற்றில் அது ஆறரை அம்பியருக்குக் குறையாது. பழைய வீடுகளில் சுவரில் இருக்கும் உருண்டை ஊசி 5 அம்பியர் பொயின்ற் வானொலிக்கும் மேசை விளக்குக்கும் ஏற்றது, ட்ரெட்மில்லுக்கு ஏற்றதன்று. சதுர ஊசி 13 அம்பியர் பொயின்ற் ஒன்றை இயந்திரத்துக்கென்றே தனி வயரில் போட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியும் சோற்றுச் சட்டியும் சேர்ந்து தொங்கும் எக்ஸ்ரென்சன் கோட்டில் இதையும் கொழுவக் கூடாது. கோட்டைச் சுருளாகச் சுற்றி வைத்தபடியே பாவித்தால், உள்ளே சூடு தேங்கி வயரின் உறை இளகும். அப்படி இளகி ஒன்றோடொன்று ஒட்டிய சுருளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

ஏர்த் இணைப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிளக்கின் மூன்றாவது ஊசி சுவரில் போகவில்லை என்று அதை முறித்துவிட்டுக் கொழுவும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. உலோகச் சட்டமும் வியர்வை நனைந்த கையும் சேரும் சாதனத்தில் இது பெரும் ஆபத்து. மேலும், ஆவணி வெயிலில் வன்னி மண் காய்ந்து இறுகும்போது நிலத்தில் இறக்கிய ஏர்த் கம்பியின் தடை கூடிவிடும். கம்பி இருக்கிறது என்பதற்காக அது வேலை செய்கிறது என்று கொள்ள முடியாது. ஆகவே 30 மில்லி அம்பியர் கசிவிலேயே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கின்ற ட்ரிப் சுவிச் கட்டாயம் வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, சுவிச் விழுகிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் ஒரு தவறான வேலை நடக்கிறது. ட்ரெட்மில் வந்தபின் ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது என்று வீட்டுக்காரர் முறையிடுவார். வருகின்ற வேலையாள் அந்தச் சுவிச்சைத் தாண்டி நேரடியாக வயரைக் கொடுத்துவிட்டுப் போவார். இயந்திரம் ஓடும், வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் இருந்த பாதுகாப்பு அன்றோடு போய்விடும். உண்மையில் இவ்வியந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகையிலுள்ள, மின் இரைச்சலைத் தடுக்கும் வடிகட்டியிலிருந்து சிறிதளவு மின்சாரம் ஏர்த்துக்குப் போவது இயல்பு. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கணினி ஆகியவற்றின் கசிவுகளோடு அதுவும் சேரும்போது எல்லையைத் தாண்டிச் சுவிச் விழலாம். ட்ரெட்மில்லுக்கெனத் தனிச் சுற்றும் தனி ட்ரிப் சுவிச்சும் போட்டால் இது தீரும். அப்போதும் விழுந்தால் இயந்திரத்திலேயே பழுது இருக்கிறது என்று பொருள். அதைத் திருத்தாமல் ஓட்டக் கூடாது.

கனடாவிலிருந்து உறவினர்கள் பெட்டியில் அனுப்பும் இயந்திரங்களுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, இங்கே 230. ஐரோப்பாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ வருவதில் இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை. கனடாச் சாமானின் பிளக்கை மட்டும் மாற்றிக் கொழுவினால் சுவிச்சைப் போட்ட கணத்திலேயே கட்டுப்பாட்டுப் பலகை வெடித்துப் புகையும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் பாவிக்கலாம் என்றாலும், அது மோட்டரின் முழுச் சுமையையும் தாண்டித் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். வானொலிப் பெட்டிக்கு விற்கப்படும் சிறியது சில நிமிடங்களில் கொதித்துவிடும். இயந்திரத்தின் அடியிலோ பின்னாலோ ஒட்டப்பட்டிருக்கும் தகட்டில் எத்தனை வோல்ற்று என்று வாசித்த பின்னரே பிளக்கைத் தொடுங்கள். அனுப்புகிற பிள்ளைகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கப்பல் கூலியும் மிஞ்சும்.

நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பட்டி நின்றுவிடும். நடப்பவரின் உடலோ முன்னோக்கிச் சாயும். கைபிடி எட்டும் தூரத்திலேயே நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மின்சாரம் போனதும் இறங்கி, பாதுகாப்புச் சாவியைக் கழற்றி, பிளக்கையும் எடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாத இடி மின்னல் காலத்தில் பாவிக்காத வேளைகளில் பிளக் சுவரில் இருக்கவே கூடாது.

இனி அந்தப் பாதுகாப்புச் சாவி. இயந்திரத்தின் முகப்பில் காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் சிவப்பு நிறச் சிறு துண்டும், அதிலிருந்து தொங்கும் நூலும், நூலின் முனையில் ஒரு கிளிப்பும் இருக்கும். கிளிப்பை உடையில் மாட்டிக்கொண்டு நடந்தால், தவறிப் பின்னால் போகும்போது நூல் இழுபட்டுச் சாவி கழன்று பட்டி நிற்கும். நான் பார்த்த வீடுகள் பலவற்றில் இந்தக் கிளிப் கைபிடியிலேயே மாட்டியிருந்தது. அப்படி மாட்டினால் அது இருந்தும் இல்லாததே. சேலைத் தலைப்பிலோ சால்வையிலோ மாட்டுவதிலும் பயனில்லை. துணி நழுவுமே தவிரச் சாவி கழலாது. இடுப்போடு இறுகி நிற்கும் உடையில் மாட்டி, பட்டியில் எவரும் இல்லாதபோது ஒருமுறை இழுத்துப் பார்த்து, நிற்கிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சேலை, சாரம், நீண்ட பாவாடை, தொங்கும் சால்வை ஆகியவற்றோடு ஏறவே வேண்டாம். வெறுங்காலோடும் வீட்டுச் செருப்போடும் ஏறுவது நம்மவர்களின் பழக்கம். பின் குதியைப் பிடித்து நிற்கும் சப்பாத்து இல்லாமல் பட்டியில் கால் வைக்கக் கூடாது.

தொடங்கும்போது பட்டியின் மேல் நிற்காமல், இரு பக்கத்து ஓரப் பலகைகளிலும் கால்களை வைத்து நின்று, மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, கைபிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு காலாக இறக்க வேண்டும். புதியவர்களுக்கும் முதியவர்களுக்கும் மணிக்கு 2 அல்லது 3 கிலோமீற்றர் வேகமே போதுமானது. முடிக்கும்போதும் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, பட்டி முற்றாக நின்ற பின்னரே இறங்க வேண்டும். வெளிநாட்டு அழைப்பு வருகிறது என்று கைத்தொலைபேசியைப் பார்த்தபடி நடப்பவர்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? இறங்கிப் பேசினால் அந்தப் பக்கத்தில் இருப்பவரும் நிம்மதியாகக் கேட்பார்.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மேலே சொன்னவை மட்டும் போதா. குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் நான்கு வயது மகள் 2009 மே மாதத்தில் வீட்டு ட்ரெட்மில்லில் தொங்கிய வடம் கழுத்தில் இறுகியதால் உயிரிழந்தார். 2021 மே மாதத்தில் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தனது ட்ரெட்+ என்னும் இயந்திரங்கள் ஏறத்தாழ 125,000ஐத் திரும்பப் பெற்றது. பிள்ளைகளும் பெரியவர்களும் வளர்ப்புப் பிராணிகளும் பின்பக்கத்தால் அடியில் இழுபட்ட 70க்கு மேற்பட்ட சம்பவங்கள் பதிவாகி, ஆறு வயதுப் பிள்ளையொன்று இறந்த பின்னரே அது நடந்தது. பெரிய நிறுவனமொன்றின் விலையுயர்ந்த இயந்திரத்திலேயே இப்படியென்றால், பெயர் தெரியாத மலிவு இயந்திரங்களை எப்படி நம்புவது என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டி பின் உருளைக்குள் மடிந்து போகும் இடந்தான் பிள்ளைகளின் கைக்கு எமன். தவழும் பிள்ளையின் கண்ணுக்கு அது ஓடுகிற விளையாட்டுப் பொருள்; தொட்டவுடன் விரல்கள் உள்ளே இழுபடும். இந்த உராய்வுக் காயம் மேல் தோலோடு நிற்காமல் ஆழமாக வெந்துவிடும். தோல் ஒட்டுச் சிகிச்சை வரை போகக்கூடும். கை அகப்பட்டால் பிள்ளையைப் பிடித்து இழுக்காமல், முதலில் சாவியையோ பிளக்கையோ கழற்றுங்கள். பின்னர் காயத்தை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடித்து, பற்பசையோ எண்ணெயோ பூசாமல், சுத்தமான துணியால் தளர மூடி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இலவச நோயாளர் காவு வண்டிச் சேவையான 1990 வட மாகாணத்திலும் இயங்குகிறது. பெரியவர் நடக்கும் நேரத்தில் சிறுவர்கள் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது. அம்மம்மா நடந்து முடிந்ததும் சாவியை இயந்திரத்திலேயே விடாமல் அலுமாரியின் மேல் தட்டில் வைக்கும் பழக்கத்துக்கு வீடு முழுவதும் வர வேண்டும்.

உடல்நிலை பற்றி வைத்தியர்கள்தான் சொல்ல வேண்டும்; நான் கண்ட அளவில் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். வைத்தியசாலையில் இதயப் பரிசோதனைக்காகவும் இதேபோன்ற இயந்திரத்தில் நடக்க வைப்பார்கள். புரூஸ் முறை எனப்படும் அச்சோதனையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூட்டப்படும். ஆனால் பக்கத்தில் நின்று இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். வீட்டில் அப்படி எவரும் இல்லை. நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றோ மூச்சு முட்டலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நீண்டகாலச் சீனி வருத்தத்தால் பாதம் மரத்துப் போனவர்கள் ஒவ்வொரு நடையின் பின்னும் சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும். கொப்புளம் வந்ததே தெரியாது. போரில் காலை இழந்து செயற்கைக் காலோடு வாழ்பவர்கள் நம்மிடையே பலர். வீட்டு இயந்திரங்களின் கைபிடி குட்டையானது. இயன்மருத்துவரிடம் கேட்காமல், பக்கத்தில் ஆளில்லாமல் அவர்கள் தொடங்கக் கூடாது.

பராமரிப்பில் ஒரு தவறு பரவலாக உண்டு. பட்டிக்கும் அதன் கீழுள்ள பலகைக்கும் இடையே பூசப்பட வேண்டியது சிலிக்கன் ஒயில் மாத்திரமே. தேங்காய் எண்ணெயும் தையல் இயந்திர ஒயிலும் பூசப்பட்ட பலகைகளைக் கண்டிருக்கிறேன். அவை புழுதியை இழுத்துப் பசையாகி, பட்டியைப் பிடித்து, மோட்டரைச் சூடாக்கிவிடும். பட்டி இடது பக்கம் ஒதுங்கினால் பின்னாலுள்ள இடது திருகாணியையும், வலது பக்கம் ஒதுங்கினால் வலது திருகாணியையும் அலன் கீயால் வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, குறைந்த வேகத்தில் ஆளில்லாமல் சற்று நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரேயடியாகச் சுற்றிவிட்டால் பட்டி மறுபக்கம் போய் ஓரம் கிழியும். மோட்டர் மூடிக்குள் எலி கூடு கட்டுவதும் பல்லி புகுந்து கட்டுப்பாட்டுப் பலகையில் கருகிக் கிடப்பதும் இங்கே சாதாரணம். மூடியைக் கழற்றுமுன் பிளக்கை எடுத்துச் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இவையெல்லாம் இயந்திரத்தோடு வரும் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பவைதாமே என்று விற்பவர்கள் சொல்லக்கூடும். ஆனால் நான் பார்த்த புத்தகங்கள் ஆங்கிலத்திலோ சீனத்திலோதான் இருந்தன. லொறியில் கொண்டுவந்து வாசலில் இறக்கி, பற்றுச்சீட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போவதோடு விற்பனை முடிந்துவிடுகிறது. குளிரூட்டி விற்றால் ஆள் அனுப்பிப் பூட்டிக் கொடுக்கும் அதே கடை, இதற்கு மட்டும் ஏன் ஆள் அனுப்புவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. ஒரு பக்கத்தில் அடங்கும் தமிழ்க் குறிப்பொன்றை அச்சடித்து ஒவ்வொரு இயந்திரத்தோடும் கொடுப்பதில் கடைக்கு என்ன பெரிய செலவு? வீட்டின் பொயின்ற்றையும் ஏர்த்தையும் முதலில் பார்த்து, இடத்தை அளந்து, சாவியை இழுத்துக் காட்டி, வீட்டிலுள்ள முதியவரை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பழக்கிவிட அரை மணி நேரம் போதும்.

வாங்குபவர்களும் இதைக் கேட்டுப் பெற வேண்டும். பணம் செலுத்துமுன், பூட்டிக் கொடுப்பதையும் உத்தரவாதக் காலத்தையும் மோட்டரின் தொடர்ச்சியான வலுவையும் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். சில கடைகளில் சொல்லப்படும் குதிரைவலு, மோட்டர் சில கணங்கள் மட்டும் தாங்கும் உச்ச அளவாகும். எழுதியபடி நடக்காவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அப்போது கையில் இருக்க வேண்டியது அந்தப் பற்றுச்சீட்டே.

இங்ஙனம்,
மின்னிணைப்பாளர் ஒருவர்,
கிளிநொச்சி.